ஆலங்கட்டி மழையை மேக விதைப்பால் தடுக்க முடியுமா? கணினி மேக மாதிரிகளைப் பற்றிக் குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்குனி முதல் வைகாசி வரை, பிற்பகல் வேளைகளில் கோதையாறு, கீரிப்பாறை மலைகளின்மேல் கறுத்துத் திரளும் இடிமேகங்கள் குமரி மாவட்டத்துக்குப் புதியவை அல்ல. ஆலங்கட்டி விழுவதுதான் இங்கே அரிது. ஆனாலும் சூறைக்காற்றில் மட்டி வாழையும் செவ்வாழையும் சாய்வதைக் கண்டவர்கள், மகாராஷ்டிரத்தில் 2014ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் விதர்பாவையும் மராத்வாடாவையும் தாக்கிய கல்மழையைப் பற்றிக் கேட்டபின், “மேகத்தில் மருந்து தூவினால் கட்டி விழாதாமே, இங்கும் செய்யலாமே” என்று கேட்கிறார்கள். கல்லூரி மாணவர்கள் அதையே வேறுவிதமாக, “கணினியில் மேகத்தை உருவாக்கிச் சோதிக்கிறார்களாமே, அதை எவ்வளவு நம்பலாம்?” என்று கேட்கிறார்கள். இரண்டு தரப்பினரின் கேள்விகளையும் சேர்த்து இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

ஆலங்கட்டி மேகத்துக்குள் எப்படி உருவாகிறது?

நீர் பூச்சியம் பாகை செல்சியஸில் உறையும் என்று பள்ளியில் படித்தது பாத்திரத்து நீருக்குச் சரி. மேகத்தின் நுண்துளிக்கு அது பொருந்தாது. தூய்மையான சிறு துளி, பற்றிக்கொண்டு உறைவதற்குத் தகுந்த ஒரு தூசித்துகள் கிடைக்காவிட்டால், பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 38 பாகை வரைகூட நீராகவே மிதந்துகொண்டிருக்கும். இதை மீக்குளிர்ந்த நீர் என்பார்கள். பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையில்கூட ஒரு லிட்டர் காற்றில் உறைவைத் தொடங்கிவைக்கும் இயற்கைத் துகள் ஒன்று இருந்தாலே அது வழக்கமான அளவு. ஆகவே இடிமேகத்தின் நடுப்பகுதி, உறையக் காத்திருக்கும் நீரின் பெருங்கிடங்கு.

அந்தக் கிடங்குக்குள் சில மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு பனியுருண்டையோ உறைந்துபோன மழைத்துளியோ நுழைந்தால், மோதுகிற மீக்குளிர்ந்த துளிகள் எல்லாம் அதன்மேல் ஒட்டி உறைகின்றன. முதலில் நுழைந்த அந்த உருண்டையோ துளியோதான் ஆலங்கட்டியின் கரு. மேலெழும் காற்று அதைத் தாங்கிக்கொண்டிருக்கும் வரை அது பருத்துக்கொண்டே போகும். தாங்க முடியாத எடை வந்ததும் விழும். 3 செ.மீ. குறுக்களவுள்ள கட்டியைத் தாங்கிப் பிடிக்க நொடிக்கு 16 மீட்டர் அளவில், அதாவது மணிக்கு 55 கி.மீ.க்கும் மேலான வேகத்தில், காற்று செங்குத்தாக மேலேற வேண்டும். குறுக்களவு 5 மி.மீ.யை எட்டினால்தான் வானிலையாளர்கள் அதை ஆலங்கட்டி என்று எழுதுவார்கள். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் விவியன் என்ற ஊரில் 2010 ஜூலை 23 அன்று விழுந்த கட்டி 20 செ.மீ. குறுக்களவு இருந்தது. நம் நாட்டு மொராதாபாத்தில் 1888 ஏப்ரல் 30 அன்று பெய்த கல்மழையில் 246 பேர் உயிரிழந்தனர். உலக வானிலை அமைப்பின் பதிவில் இதுவே உயிர்ச்சேதம் மிகுந்த ஆலங்கட்டி மழை.

(பழந்தமிழில் இதற்கு ‘ஆலி’ என்றே பெயர். மலையாளத்தில் இன்றும் ‘ஆலிப்பழம்’ என்கிறார்கள். எல்லையோரத்து நமக்கு இரண்டு பெயரும் காதுக்குப் பழகியவையே.)

மேக விதைப்பு மழையை வரவழைப்பதற்கு அல்லவா? அதே மருந்து கல்மழையை எப்படித் தடுக்கும்?

1946இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் வின்சென்ட் ஷேஃபர் உலர்பனியை (திடநிலைக் கரியமில வாயுவை) கொண்டும், அதே ஆண்டில் பெர்னார்ட் வானகட் சில்வர் அயோடைடைக் கொண்டும், மீக்குளிர்ந்த மேகத்தைப் பனித்துகள்களாக மாற்றிக் காட்டினார்கள். சில்வர் அயோடைடின் படிக அடுக்கு பனிக்கட்டியின் படிக அடுக்கை ஒத்திருப்பதால், நீர்த்துளி அதைப் பனி என்றே எடுத்துக்கொண்டு அதன்மேல் உறைகிறது. பூச்சியத்துக்குக் கீழே 5 பாகை அளவிலேயே அது வேலையைத் தொடங்கிவிடும். ஒரு கிராம் மருந்தை நன்றாக எரித்தால் பல லட்சம் கோடி துகள்கள் கிடைக்கும்.

மழைக்காகத் தூவும்போது, உறையாமல் கிடக்கும் நீரைப் பனியாக்கிக் கீழே இறக்குவது நோக்கம். கல்மழையைத் தடுக்கத் தூவுவோர் முக்கியமாக நம்புவது ‘போட்டி’ என்ற வேறொரு கருத்தை: கருக்களின் எண்ணிக்கையைப் பலமடங்கு கூட்டிவிட்டால், இருக்கிற நீரை எல்லாம் பங்குபோட்டுக்கொண்டு ஒன்றும் பெரிதாக வளராது. பந்தியில் இருக்கிற சோறு அவ்வளவுதான் என்றால், இலை கூடக்கூட ஒவ்வோர் இலைக்கும் விழுவது குறையும் அல்லவா?

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். ஒரே ஒரு கரு எடுத்துக்கொண்டு 3 செ.மீ. கட்டியாகும் நீரை 27 கருக்கள் சமமாகப் பங்கிட்டால், ஒவ்வொன்றின் எடையும் 27இல் ஒரு பங்கு. குறுக்களவு 1 செ.மீ. விழும் வேகம் குறுக்களவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், ஒரு கட்டியின் மோதல் ஆற்றல் குறுக்களவின் நான்காம் அடுக்கில் மாறும். ஆகவே ஒவ்வொரு சிறு கட்டியும் 81இல் ஒரு பங்கு ஆற்றலோடுதான் வாழையிலையைத் தொடும். 27 கட்டிகளையும் சேர்த்தாலும் மொத்த ஆற்றல் மூன்றில் ஒரு பங்குதான். சிறு கட்டிகள் வழியிலேயே உருகுவதும் அதிகம்.

கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் அதற்குள் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது. விதைத்தாலும் விதைக்காவிட்டாலும் மேகத்திலுள்ள நீர் அதே அளவுதான், புதிய கருக்கள் எல்லாம் சரியான இடத்துக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேரும் என்பதே அந்த ஊகம். பின்வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இதைச் சுற்றியே வருகின்றன.

நேரடியாக வானத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள்; பெரும் செலவில், பல நாடுகளில். சோவியத் ஒன்றியத்தில் 1960களில் ராக்கெட்டுகளாலும் பீரங்கிக் குண்டுகளாலும் மேகத்துக்குள் மருந்தைச் செலுத்தி, சேதத்தைப் பெருமளவு குறைத்துவிட்டதாக அறிவித்தார்கள். அதைச் சரிபார்க்கவே அமெரிக்கா வடகிழக்குக் கொலராடோவில் தேசிய ஆலங்கட்டி ஆய்வுச் சோதனையை நடத்தியது. 1972 முதல் 1974 வரை, எந்த நாளில் விதைப்பது, எந்த நாளில் விட்டுவிடுவது என்பதைச் சீட்டுப்போட்டுப் பார்ப்பதுபோல் தற்செயலாகத் தேர்ந்தெடுத்து விதைத்தார்கள். விதைத்த நாளுக்கும் விதைக்காத நாளுக்கும் புள்ளியியல் ஏற்கத்தக்க வேறுபாடு எதுவும் கிடைக்கவில்லை. சுவிட்சர்லாந்தில் 1977 முதல் 1981 வரை, பிரான்சும் இத்தாலியும் சேர்ந்து, சோவியத் முறையிலான ராக்கெட்டுகளையே பயன்படுத்தி நடத்திய ‘குரோஸ்ஃபெர்ஸுக் 4’ என்ற சோதனையும் அதே முடிவைத்தான் தந்தது.

மறுபக்கமும் உண்டு. வடக்கு டகோட்டாவின் மேற்கு மாவட்டங்களில் நெடுங்காலமாக விமானத்தில் விதைத்துவருகிறார்கள். அங்கே பயிர்க் காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்து 1997இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, கல்மழைச் சேதம் 45 விழுக்காடு குறைந்திருப்பதாக மதிப்பிட்டது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் 1996 முதல் காப்பீட்டு நிறுவனங்களே பணம்போட்டு விதைத்துவருகின்றன. இவை தற்செயல் தேர்வு முறையில் நடந்தவை அல்ல; ஆகவே கொலராடோ முடிவோடு ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியாது. ஆனாலும் தூக்கி எறியத்தக்கவையும் அல்ல என்பது என் கருத்து.

வெடிச்சத்தத்தால் கல்மழையைக் கலைக்கும் பீரங்கி விற்கிறார்களே?

1896இல் ஆஸ்திரியாவின் ஸ்டீரியா பகுதியில் ஆல்பர்ட் ஸ்டீகர் என்ற திராட்சைத் தோட்டக்காரர் அப்படி ஒரு பீரங்கியை அமைத்தார். சில ஆண்டுகளில் இத்தாலியில் ஆயிரக்கணக்கில் பரவியது. பிறகு ஆஸ்திரிய, இத்தாலிய அரசுகள் முறையாகச் சோதித்துப் பார்த்ததில் பயனில்லை என்று தெரிந்து கைவிடப்பட்டது. இடிமேகத்துக்குள் இடியே ஓயாமல் முழங்குகிறது. அந்தச் சத்தத்துக்குக் கலையாத கட்டி, கீழிருந்து வரும் வெடிக்கா கலையும்? இதற்குக் கணினி மாதிரி தேவையே இல்லை.

நேரடிச் சோதனையே தெளிவு தராதபோது கணினி மாதிரி எதற்கு?

நேரடிச் சோதனை தெளிவு தராததனால்தான். ஒரு வாழைத் தோப்பில் புதிய உரத்தைச் சோதிக்க வேண்டுமென்றால் பாதித் தோப்புக்கு இட்டு, மீதியை விட்டுவைத்து ஒப்பிடுவோம். மேகத்தை அப்படிப் பாத்தி கட்ட முடியாது. இன்றைய மேகத்தில் மருந்து தூவினோம், கட்டி விழவில்லை. தூவாவிட்டால் விழுந்திருக்குமா என்பதை எவராலும் சொல்ல முடியாது, ஏனெனில் அதே மேகம் மறுபடி வராது. நூற்றுக்கணக்கான மேகங்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கலாம் என்றால், கல்மழையின் இயல்பு அதற்கு இடம்கொடுப்பதில்லை: ஒரு பருவத்தின் சேதத்தில் பெரும்பகுதியை ஓரிரு கடும் புயல்களே செய்துவிடுகின்றன. அந்த ஓரிரு நாள் விதைத்த பட்டியலில் விழுந்ததா, விதைக்காத பட்டியலில் விழுந்ததா என்பதே முடிவைப் புரட்டிப்போட்டுவிடும். கொலராடோவில் நடந்த சோதனையின் அடிப்படைச் சிக்கலும் இதுதான்.

கணினிக்குள் அந்தத் தடை இல்லை. ஒரே காற்று, ஒரே ஈரம், ஒரே வெப்பநிலையோடு இரட்டைப் பிள்ளைகளைப்போல் இரண்டு மேகங்களை வளர்க்கலாம். ஒன்றில் மட்டும் மருந்தைத் தூவலாம். இரண்டுக்கும் இடையே தோன்றும் வேறுபாடு விதைப்பின் விளைவு. மாதிரியின் உண்மையான பெருமை இந்த ஒன்றுதான். நாளைக்கு எந்த ஊரில் கட்டி விழும் என்று சொல்வதற்காக இதைப் பயன்படுத்துவதில்லை.

அந்த மாதிரிக்குள் என்னதான் இருக்கிறது?

வானத்தைச் சிறு பெட்டிகளாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் காற்றின் வேகம், அழுத்தம், வெப்பநிலை, நீராவி ஆகியவற்றை எழுதிவைத்து, நியூட்டனின் இயக்க விதியும் வெப்ப இயக்கவியலும் சொல்லும் சமன்பாடுகளின்படி சில நொடிகளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகிறார்கள். 100 கி.மீ. நீளம், 100 கி.மீ. அகலம், 20 கி.மீ. உயரமுள்ள பரப்பை எடுத்துக்கொள்வோம். பெட்டி கிடையாக 1 கி.மீ., உயரத்தில் 250 மீட்டர் என்றால் மொத்தம் 8 லட்சம் பெட்டிகள். 5 நொடிக்கு ஒருமுறை கணக்கிட்டால் இரண்டு மணி நேரத்துக்கு 1,440 முறை. ஆக 115 கோடிக்கும் மேற்பட்ட பெட்டிக் கணக்குகள். கிடை அளவை 250 மீட்டராகக் குறைத்தால் பெட்டிகள் 16 மடங்காகும். கால இடைவெளியையும் நான்கில் ஒன்றாக்க வேண்டியிருப்பதால் வேலை 64 மடங்காகும். இடிமேகத்தின் ஏறுகாற்றுத் தூணே சில கி.மீ. அகலம்தான் என்பதால், 1 கி.மீ. பெட்டி என்பது பெரிய கண்ணுள்ள வலையில் நெத்திலி பிடிப்பதைப்போலத்தான்.

காற்றைக் கணக்கிடுவது இதில் எளிய பகுதி. கடினமானது நுண்ணியற்பியல். ஒரு பெட்டிக்குள் இருக்கும் கோடானுகோடித் துளிகளைத் தனித்தனியாகப் பின்தொடர எந்தக் கணினியாலும் முடியாது. ஆகவே மேகநீர், மழைநீர், பனிப்படிகம், வெண்பனி, ஆலங்கட்டி என்று வகைபிரித்து ஒவ்வொன்றின் மொத்த எடையை மட்டும் கணக்கில் வைப்பது ஒரு முறை. தெற்கு டகோட்டா சுரங்கவியல் தொழில்நுட்பக் கல்லூரியில் ஹரால்ட் ஆர்வில்லின் குழுவினர் வளர்த்தெடுத்து, லின், ஃபார்லி, ஆர்வில் மூவரும் 1983இல் வெளியிட்ட முறை இவ்வகையில் புகழ்பெற்றது. ஆனால் எடை மட்டும் தெரிந்தால் அது பத்துப் பெரிய கட்டியா, பத்தாயிரம் சிறு கட்டியா என்று தெரியாது. போட்டிக் கருத்தைச் சோதிக்க வேண்டிய இடத்திலோ அந்தக் கேள்வியேதான் உயிர்நாடி. அதனால் எடையோடு எண்ணிக்கையையும் தனியாகக் கணக்கிடும் முறைகள் வந்தன. அதற்கும் அடுத்ததாக, துகள்களை அளவுவாரியாக முப்பதுக்கும் மேற்பட்ட பிரிவுகளாகப் பிரித்துத் தனித்தனியே வளர்க்கும் முறைகளும் உண்டு. முந்திரிப் பருப்பைச் சல்லடையிட்டுத் தரம்பிரிப்பதுபோல. இவை நேர்த்தியானவை, கணினி நேரத்தை விழுங்குபவையும் இவையே.

மருந்தைச் சேர்ப்பதற்கு இன்னொரு சமன்பாடு வேண்டும். ஆர்வில் குழுவினர் 1980இலேயே சில்வர் அயோடைடைக் காற்றோடு நகர்ந்து பரவும் தனிப் பொருளாக மாதிரியில் சேர்த்துவிட்டார்கள். எந்த வெப்பநிலையில் எத்தனைத் துகள் வேலைசெய்யும், துளியோடு மோதி உறைய வைக்குமா, துளிக்குள் மூழ்கியிருந்து உறைய வைக்குமா, நீராவியை நேராகத் தன்மேல் பனியாகப் படியவைக்குமா என்பதையெல்லாம் தனித்தனியே எழுத வேண்டும். மேகத்தின் எந்தப் பக்கத்தில், எந்த நிமிடத்தில், எத்தனை கிராம் என்பதை ஆய்வாளர் தீர்மானிக்கிறார்.

விதைத்த, விதைக்காத இரண்டு கணினி ஓட்டங்களுக்கும் இடையிலான வேறுபாடு விதைப்பால் வந்ததுதான் என்று எப்படி உறுதிசெய்வது?

மிக நல்ல கேள்வி. துறைக்குள் இருப்பவர்களே சில காலம் இதில் ஏமாந்திருக்கிறார்கள். வளிமண்டலம் சிறு மாற்றத்தைப் பெரிதாக்கும் இயல்புடையது என்பதை வானிலையியலாளர் எட்வர்ட் லோரன்ஸ் 1963இல் காட்டினார். மருந்து தூவியதால் ஓரிடத்தில் சிறிது நீர் முன்கூட்டியே உறைந்து, ஒரு கிலோவுக்கு 334 கிலோஜூல் என்ற கணக்கில் மறைவெப்பம் வெளிப்படுகிறது. காற்று சற்றே வேகமாக ஏறுகிறது. ஒரு மணி நேரத்தில் மேகத்தின் வடிவமே மாறிப்போகிறது. மருந்துக்குப் பதிலாக அதே இடத்தில் வெப்பநிலையை ஒரு பாகையில் நூறில் ஒரு பங்கு மாற்றியிருந்தாலும் மேகம் மாறியிருக்கும். அப்படியானால் காணும் வேறுபாட்டில் மருந்தின் பங்கு எது, மேகத்தின் இயல்பான தடுமாற்றம் எது?

இதற்கு இரண்டு வழிகள் கையாளப்படுகின்றன. தொடக்க நிலையைச் சிறிதுசிறிதாக மாற்றி, விதைத்த ஓட்டமும் விதைக்காத ஓட்டமுமாகப் பல இணைகளை ஓட்டி, வேறுபாடு தடுமாற்றத்தை மீறி நிற்கிறதா என்று பார்ப்பது ஒன்று. இன்னொன்று வோய்ச்செக் கிரபோவ்ஸ்கி மேக நுண்ணியற்பியல் ஆய்வில் கையாண்ட முறை. அதை நான் உப்புமூட்டை முறை என்றே மாணவர்களுக்குச் சொல்வேன். ஒரே காற்றோட்டத்தின் முதுகில் இரண்டு நுண்ணியற்பியல் கணக்குகளை ஏற்றிவைப்பார்கள். ஒன்று மட்டும் காற்றை ஓட்டும். மற்றது சுமந்து செல்லப்படும், காற்றைத் தொடாது. அப்போது மருந்து துகள்களை நேரடியாக என்ன செய்தது என்பதையும், காற்றோட்டத்தை மாற்றியதால் வந்தது எது என்பதையும் பிரித்துப் பார்க்கலாம்.

ஒற்றை இணை ஓட்டத்தை மட்டும் காட்டி “விதைப்பால் ஆலங்கட்டி இத்தனை விழுக்காடு குறைந்தது” என்று எவராவது சொன்னால், எத்தனை இணைகள் ஓட்டினீர்கள் என்று கேளுங்கள்.

மாதிரிகள் இதுவரை என்ன சொல்லியிருக்கின்றன?

ஒரே விடையைச் சொல்லவில்லை. ஏன் ஒரே விடை கிடையாது என்பதைச் சொல்லியிருக்கின்றன. அதுவே பெரிய பயன் என்று நினைக்கிறேன்.

கட்டி பெரிதாக வளரும் மேகத்தில் ஏறுகாற்றின் நடுத்தூண் மிக வேகமானது. அதற்குள் மருந்தைத் தூவினால் பிறக்கும் பனிப்படிகங்கள் வளர நேரமில்லாமல் சில நிமிடங்களில் மேகத்தின் உச்சிக்கு வீசப்பட்டு, பட்டடை வடிவில் விரியும் மேல்முகிலோடு போய்விடுகின்றன. போட்டிபோட வேண்டியவர்கள் பந்திக்கே வருவதில்லை. தாய் மேகத்தின் ஓரத்தில் புதிதாக முளைத்து, பின்பு அதோடு சேரும் குட்டி மேகங்களில், அவை இளமையாக இருக்கும்போதே தூவினால்தான் கருக்கள் உரிய அளவுக்கு வளர்ந்து உள்ளே நுழைகின்றன. வடக்கு டகோட்டா, ஆல்பர்ட்டா விமானிகள் இந்தக் குட்டி மேகங்களையே தேடிப் பறக்கிறார்கள்.

பத்து நிமிடத் தாமதம் விளைவை இல்லாமலாக்கிவிடலாம் என்பதும் மாதிரிகளில் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. கசப்பான இன்னொரு முடிவும் உண்டு: மீக்குளிர்ந்த நீர் ஏராளமாகவும் இயற்கைக் கரு மிகக் குறைவாகவும் இருக்கும் மேகத்தில் போதிய அளவின்றிக் கொஞ்சமாக மட்டும் விதைத்தால், பங்குபோடுவதற்குப் பதிலாக, இதுவரை இல்லாத கருக்களை நாமே கொடுத்ததாகி ஆலங்கட்டி கூடவும் செய்யலாம். அரை மருந்து தீங்கு என்ற பழைய எச்சரிக்கை இங்கே அப்படியே பொருந்துகிறது.

மழையைப் பொறுத்தவரை, கட்டி குறைந்தால் மழையும் குறையுமா என்ற அச்சத்துக்கும் ஒற்றை விடை இல்லை. சிறு கட்டிகள் உருகி மழையாவதால் மழை கூடிய ஓட்டங்களும் உண்டு, நீர் மேல்முகிலில் சிறைப்பட்டு மழை குறைந்த ஓட்டங்களும் உண்டு.

இவை குமரி மாவட்டத்து மேகங்களுக்குப் பொருந்துமா?

அப்படியே எடுத்துவந்து பொருத்த முடியாது. காரணங்கள் மூன்று. முதலாவது, நம் மேகங்களின் அடித்தளம்.

வடகிழக்குக் கொலராடோ கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ ஒன்றரை கி.மீ. உயரத்துச் சமவெளி, அங்கே மேகத்தின் அடியே குளிர்ந்தது. உறைநிலை மட்டம், அதாவது வெப்பநிலை பூச்சியத்தைத் தொடும் உயரம், அதற்குச் சற்று மேலேயே வந்துவிடும். மழைத்துளி உருவாக நேரமில்லாததால் கரு பெரும்பாலும் மென்மையான பனியுருண்டைதான். நமக்கோ மூன்று பக்கமும் கடல். கோடைப் பிற்பகலில் மேகத்தின் அடி ஏறத்தாழ 1 கி.மீ. உயரத்திலும், உறைநிலை மட்டம் ஏறத்தாழ 5 கி.மீ. உயரத்திலும் இருக்கும். இடையிலுள்ள 4 கி.மீ. வெதுவெதுப்பான மேகத்துக்குள் துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்து, பனியே இல்லாமல் முழு மழைத்துளியாகிவிடுகின்றன. அவற்றில் ஒரு பகுதி அங்கேயே மழையாக விழுந்துவிடுவதால் மேலே போகும் நீர் குறைகிறது. மேலே போன துளி உறைந்தால், அது பிறக்கும்போதே பெரிய கரு. அத்தகைய கருவோடு சில்வர் அயோடைடு உருவாக்கும் நுண்படிகம் போட்டியிடுவது எளிதன்று. ஒக்லஹோமா போன்ற வெதுவெதுப்பான அடித்தள மேகங்களில் விழுந்த கட்டிகளை அறுத்துப் பார்த்தபோதும் நடுவில் உறைந்த மழைத்துளியே மிகுதியாக இருந்தது.

இரண்டாவது, கீழே வரும் பயணம். 5 கி.மீ. உயரத்திலிருந்து விழும் 1 செ.மீ. கட்டிக்கு, மேகத்தின் இறங்குகாற்றை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், தரையை அடைய 9 நிமிடம் ஆகும், 3 செ.மீ. கட்டிக்கு 5 நிமிடம் போதும். வழியெங்கும் வெப்பமான ஈரக்காற்று. சிறு கட்டிக்கு எடையோடு ஒப்பிட மேற்பரப்பு அதிகம், நேரமும் அதிகம்; ஆகவே அது நாகர்கோவிலை வந்தடையும்போது பெருந்துளி மழையாகவே வந்தடைகிறது. குளிர்ந்த கொழுத்த துளிகள் ஓட்டுக்கூரையில் படபடவென்று விழும் மழையில் பாதி, மேலே ஆலங்கட்டியாக இருந்ததாகவே இருக்கக்கூடும். மலையோரத்தில் தரை உயர்ந்திருப்பதால் உருகும் தூரம் கொஞ்சம் குறையும். அங்கே கட்டி எஞ்சும் வாய்ப்பு சற்றே கூடுதல்.

மூன்றாவது, காற்றின் முறுக்கு. உயரத்துக்கு உயரம் காற்று திசையும் வேகமும் மாறிக்கொண்டே போனால்தான் இடிமேகம் சாய்ந்து நின்று, மழையும் ஏறுகாற்றும் ஒன்றையொன்று கெடுக்காமல் நெடுநேரம் வாழும். நம் கோடை மேகங்களில் அந்த முறுக்கு பொதுவாகக் குறைவு. அவை நேராக எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் தங்கள் மழையிலேயே மூழ்கி அடங்குகின்றன.

ஆகவே, பேச்சிப்பாறை, குலசேகரம் பகுதி ரப்பர், வாழைக்காக ஆலங்கட்டித் தடுப்பு விதைப்பைத் தொடங்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே என் விடை. இயற்கை இலவசமாகச் செய்யும் வேலைக்கு விமானம் தேவையில்லை. நமக்குச் சேதம் செய்வது பெரும்பாலும் இடிமேகத்திலிருந்து இறங்கும் சூறைக்காற்று. அதைச் சில்வர் அயோடைடு தடுக்காது. வாழைக்குக் கம்பு நாட்டி முட்டுக்கொடுப்பது இன்றைக்கும் அதைவிடப் பயனுள்ள செலவு. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ஆலங்கட்டி மழை தனி வயல் அளவிலான இடர்களுள் ஒன்று. அறிவிக்கப்பட்ட பயிராக இருந்தால், சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

மருந்திலுள்ள வெள்ளி மண்ணையும் குளத்தையும் கெடுக்காதா?

சில்வர் அயோடைடு நீரில் ஏறக்குறையக் கரையாத பொருள். தூவப்படும் அளவு பெரும் பரப்பில் பரவிவிடுவதால், விதைத்த மழையில் அளவிடப்பட்ட வெள்ளி, அமெரிக்காவில் குடிநீருக்குப் பரிந்துரைக்கப்பட்ட வரம்பான லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைவிட மிகக் குறைவு. இந்த முறையை வேண்டாம் என்பதற்கு வேறு காரணங்கள் உண்டு. இது வலுவான காரணம் அல்ல.

இந்தியாவில் இத்தகைய ஆய்வு நடக்கிறதா?

புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் 2009 முதல் ‘கைபீக்ஸ்’ என்ற மேக ஆய்வுத் திட்டத்தை நடத்திவருகிறது. அதன் ஒரு கட்டமாகச் சோலாப்பூர் பகுதியில் 276 மேகங்களைத் தற்செயல் தேர்வு முறையில் ஆராய்ந்து, விதைத்த இடத்திலிருந்து காற்று போகும் திசையில் 100 சதுர கி.மீ. பரப்பில் சராசரியாக 18 விழுக்காடு மழை கூடியதாக மதிப்பிட்டார்கள். அங்கே தூவியது ஈரத்தை ஈர்க்கும் உப்புத் துகள்; நோக்கமும் மழையே, கல்மழைத் தடுப்பு அல்ல. ஆனால் வானத்தில் அளந்ததையும் மாதிரியில் கண்டதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அந்த ஒழுங்கு, கல்மழை ஆய்வுக்கும் தேவையான ஒன்று.

எங்கள் கல்லூரியில் இதைச் செய்து பார்க்க முடியுமா?

முடியும். அமெரிக்காவில் உருவாகி உலகெங்கும் பயன்படும் ‘டபிள்யூ.ஆர்.எஃப்.’ என்ற வானிலை மாதிரி இலவசமாகக் கிடைக்கிறது. அதனோடு வரும் பயிற்சி எடுத்துக்காட்டுகளில், கடும் இடிமேகம் ஒன்றைச் செயற்கையாகக் கிளப்பிவிட்டு வளர்க்கும் ஓட்டமும் இருக்கிறது. நல்ல மேசைக்கணினியே அதற்குப் போதும். முதலில் அதிலுள்ள காற்று, ஈர விவரங்களை எடுத்துவிட்டு, திருவனந்தபுரத்திலிருந்து பலூன் மூலம் பதிவாகும் உயர்மட்ட விவரங்களில் ஏப்ரல் மாதத்து நாள் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். மேகம் எவ்வளவு விரைவில் அடங்கிவிடுகிறது என்பதைக் காண்பீர்கள். பிறகு அதே நாளை மூன்று வேறு நுண்ணியற்பியல் முறைகளில் ஓட்டி, உறைநிலை மட்டத்தில் எவ்வளவு ஆலங்கட்டி, தரையில் எவ்வளவு என்று ஒப்பிடுங்கள். மூன்றும் மூன்று விடை சொன்னால் அதிர்ச்சியடைய வேண்டாம். அந்த இடைவெளி விதைப்பின் விளைவைவிடப் பெரிதாக இருந்தால், அந்த மாதிரியைக் கொண்டு விதைப்பைப் பற்றி இப்போது பேச முடியாது என்று பொருள். சில்வர் அயோடைடுச் சமன்பாட்டை நிரலில் நாமே சேர்க்க வேண்டும். அதை முதுகலை ஆய்வுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மாதிரியைச் சரிபார்க்கத் திருவனந்தபுரம் டாப்ளர் ரேடார் மேகத்தின் உள்ளே நடப்பதைக் காட்டும். தரையில் என்ன விழுந்தது என்பதை அதனால் துல்லியமாகக் காட்ட முடியாது. அதற்கு மனிதர்கள் வேண்டும். ஆரல்வாய்மொழியிலோ திற்பரப்பிலோ கட்டி விழுவதைக் கண்டால், தொடங்கிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் குறித்துக்கொண்டு, மழை நின்றதும் பெரியதும் சிறியதுமாக நாலைந்து கட்டிகளைப் பொறுக்கி, பள்ளி அளவுகோலின் பக்கத்தில் வைத்து, அவை உருகுவதற்குள் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள்.